‘தரக’ எனும் வினைச்சொல்

அரபு மொழியில் ‘தரக’ என்னும் வினைச்சொல்லுக்கு ‘விட்டான்’ என்று பொருள் கூறுவது வழக்கம். ஆயினும் விடுதல் ஒரே வகையினதன்று. விரும்பி விடுதலையும் வேறு வழியின்றி விடுதலையும் இச்சொல் குறிக்கும் என்று இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ தமது ‘முஃப்ரதாத்’தில் கூறுகிறார்கள். கடலை அப்படியே விட்டுவிடுமாறு மூஸா நபி (அலை) பணிக்கப்பட்டது (44:24) முதல் வகை. மூழ்கடிக்கப்பட்ட ஃபிர்அவ்னின் கூட்டத்தார் தோட்டங்களையும் நீரூற்றுகளையும் விட்டுச் சென்றது (44:25) இரண்டாம் வகை. இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்குரிய ‘தரிக்கா’ என்னும் பெயரும் இவ்வேரினின்று வந்ததே.

இனி நாம் கருத வேண்டியது 12:37ஆம் வசனம். அல்லாஹ்வை நம்பாத மக்களின் மார்க்கத்தைத் தாம் விட்டதாக யூஸுஃப் நபி (அலை) சிறைத் தோழர்களிடம் கூறுகிறார்கள். இதனை ‘விட்டுவிட்டேன்’ என்று தமிழாக்கினால், அன்னார் ஒரு காலத்தில் அம்மார்க்கத்தில் இருந்தார்களோ என்னும் ஐயம் எழும். ‘தரக’ என்பதற்கு முன்பு ஈடுபட்டிருத்தல் நிபந்தனையன்று என இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ விளக்குகிறார்கள். நெருங்காது ஒதுங்குவதும் ‘தரக’வே. தமிழிலோ, மது அருந்தியறியாதவரை ‘மதுவை விட்டவர்’ என நாம் கூறுவதில்லை, ‘விலக்கியவர்’ என்போம். ஆகவே இவ்விடத்தில் ‘ஏற்காது விலக்கினேன்’ என்பதே பொருத்தமாகும். நபியின் மாண்பைத் தொடும் சொல்லாதலின், மொழிபெயர்ப்போர் இதில் கவனம் கொள்ளுதல் இன்றியமையாதது.