குடல்வாலை எடுத்தே தீர வேண்டுமா?

வலப்பக்க அடிவயிற்றில் வலி, குமட்டல், லேசான காய்ச்சல். ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருப்பது தெரிந்தால் அடுத்தது ஆபரேஷன்தான். 1886-ல் ஹார்வர்டு மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்த நோயைத் தெளிவாக விவரித்து, குடல்வாலைச் சீக்கிரமே அகற்றிவிட வேண்டும் என்று வலியுறுத்தினார். நூறாண்டுக்கும் மேலாக அதுவே வழக்கம். ஆண்டிபயாடிக்கால் பலரைக் குணப்படுத்தலாம் என்று 2015-ல் பின்லாந்து ஆய்வு சொன்னது. ஆனால் குடல்வாலில் சிறு கல் அடைத்திருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவர்களோ கணிசமான பேர்.

அவர்களையும் சேர்த்துக்கொண்டு நடந்ததுதான் ‘கோடா’ ஆய்வு. சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் வழிநடத்த, அமெரிக்காவின் 25 மருத்துவமனைகளில் 1,552 பேர் பங்கேற்றார்கள். வயிறு முழுக்கக் கிருமி பரவியவர்களுக்கு இதில் இடமில்லை. பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்குப் பத்து நாள் ஆண்டிபயாடிக். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. பணம் கொடுத்தது, 2010-ல் ஒபாமா அரசின் சுகாதாரச் சட்டத்தால் உருவான நோயாளி மைய ஆய்வு நிறுவனம். ஆய்வைத் திட்டமிடும்போதே நோயாளிகளையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி.

அந்த விதியின் அருமை, எதை அளந்தார்கள் என்பதைப் பார்த்தால் புரியும். முப்பதாம் நாள் நோயாளியிடமே கேட்டார்கள்: நடக்க முடிகிறதா? குளித்து உடுத்திக்கொள்ள முடிகிறதா? வழக்கமான வேலைகளைச் செய்கிறீர்களா? வலி இருக்கிறதா? மனக்கலக்கம் உண்டா? ஆய்வின் முதன்மையான அளவுகோலே இந்த ஐந்துதான். தையல் சரியாக ஆறியதா என்று மருத்துவர் குறிப்பதைவிட, படுக்கையில் கிடந்தவருக்கு இவை எவ்வளவு நெருக்கமானவை! எத்தனை நாள் வேலை போயிற்று என்றும் கேட்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 5 நாள், ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சுமார் 9 நாள். தினக்கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு அந்த நான்கு நாள் சாதாரணமல்ல.

2020-ல் முடிவுகள் வெளிவந்தன. அந்த ஐந்து கேள்விகளிலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. மருந்தில் தொடங்கியவர்களில் 29 விழுக்காட்டினருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. கல் இருந்தவர்களில் அது 41 விழுக்காடு, இல்லாதவர்களில் 25. மருந்துத் தரப்பில் சிக்கல்கள் அதிகம் தெரிந்ததும் கல் இருந்தவர்களிடம்தான். மூன்று நான்கு ஆண்டுகளில் மருந்துத் தரப்பில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள்.

பாதிதான் என்பதால் மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல நான் தயாரில்லை. இப்போது பரீட்சை இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்பவருக்கு அந்த அவகாசமே பெரிது. வலி திரும்புமோ என்ற பயமே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்பவரும் சரியாகவே முடிவெடுக்கிறார். ஆனால் இருவருக்குமே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன், ஸ்கேனில் கல் தெரிந்ததா என்பதைச் சொல்லியாக வேண்டும்.