உப்பில் சோடி இல்லை

பரந்தனைத் தாண்டி வடக்கே வர, ஏ-9 வீதியின் இரு பக்கமும் மரங்கள் குறைந்து நிலம் வெளுக்கும். குடாநாட்டைப் பெருநிலத்தோடு தொடுக்கும் அந்த ஒடுங்கிய துண்டின் பெயரைக் கேட்டால், எங்கள் தலைமுறைக்கு 1991, 2000, 2009 என்று போரின் ஆண்டுகள்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஆனையிறவு அதற்கு முன்பே உப்பு விளையும் இடம். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய உப்பளம் 1990இல் போரால் நின்றுபோனது. 2025 மார்ச்சில் அங்கே மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குடாநாட்டின் வாசலில் கிடக்கும் மிகப் பெரிய இரசாயன வகுப்பறை அதுதான்.

நாங்கள் உயர்தரம் படித்தது 1990களின் தொடக்கத்தில். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. ஆனையிறவுப் பாதை மூடியிருந்ததால் தெற்கே போகிறவர்கள் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் கரும்பலகையில் பார்த்த ஒரு படம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இரண்டு வட்டங்கள். ஒன்றில் சோடியம், வெளியோட்டில் ஒரே ஒரு இலத்திரன். மற்றதில் குளோரின், வெளியோட்டில் ஏழு. நடுவில் ஒரு அம்புக்குறி. இது கொடுக்கும், அது வாங்கும், பிறகு இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அயன் பிணைப்பு முடிந்தது, அடுத்த பாடம்.

படம் பொய்யில்லை. ஆனால் அது மனதில் ஒரு சோடியைப் பதித்துவிடுகிறது: ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின், கைகோத்தபடி. பாடநூல் சில பக்கங்கள் தள்ளி ‘சாலகம்’ என்று சொல்லத்தான் செய்கிறது. ஆனாலும் பரீட்சை முடிந்து பத்து ஆண்டு கழித்துக் கேட்டுப் பாருங்கள், சோடிதான் நினைவில் இருக்கும்.

உப்பில் சோடியே இல்லை. ஒரு சோடியம் அயனைச் சுற்றி ஆறு குளோரைட்டு அயன்கள்: மேலே, கீழே, நான்கு பக்கமும். ஒவ்வொரு குளோரைட்டைச் சுற்றியும் அதே போல ஆறு சோடியம். எது யாருக்குச் சொந்தம் என்று கேட்க வழியில்லை. NaCl என்று எழுதுவது எண்ணிக்கை விகிதத்தை மட்டுமே சொல்கிறது. உப்பின் ஒரு மூலக்கூறைத் தேடிக் கல்லை உடைத்துக்கொண்டே போனால், கிடைப்பது இன்னும் சிறிய கல்தான்.

இதை ஏற்றுக்கொள்ளப் பெரிய விஞ்ஞானிகளே தடுமாறினார்கள். 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் பளிங்கின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தபோது, மகனுக்கு வயது 23. பதினான்கு ஆண்டுகள் கழித்தும், இங்கிலாந்தின் மூத்த இரசாயனவியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங், ‘நேச்சர்’ இதழில் கோபத்தோடு மறுப்பு எழுதினார். சாதாரண உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்பதுதான் அவருடைய ஆற்றாமை. அவருக்கும் சோடிதான் தேவைப்பட்டது.

இனி உப்பளத்துக்கு வருவோம்.

கடல்நீரேரியின் தண்ணீரை முதலில் அகன்ற தடாகங்களில் தேக்குகிறார்கள். வெயிலும் சோளகமும் மிச்ச வேலையைப் பார்க்கின்றன. தண்ணீர் கொதிப்பதில்லை, மேற்பரப்பிலிருந்து ஆவியாகிறது, ஈரமான காற்றைச் சோளகம் தள்ளிக்கொண்டு போக, மேலும் ஆவியாகிறது. கொதிநிலைக்கு வெகு கீழேயே திரவம் வாயுவாக மாறுவதை ஏக்கர் கணக்கில் பார்க்கலாம். தண்ணீர் பாதியளவு வற்றும்போது முதலில் படிவது கல்சியம் காபனேற்று. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே சுண்ணாம்பு. அடுத்த தடாகத்தில் கல்சியம் சல்பேற்று, அதாவது ஜிப்சம். கடல்நீரில் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகே உப்பின் முறை வருகிறது. கடைசியில் எஞ்சும் நீரில் மகனீசியம் உப்புகள் இருக்கும், அது கைக்கும். அதைப் பளிங்காக விடாமல் வெளியேற்றிவிட வேண்டும். எது எப்போது விழும் என்பது ஒவ்வொன்றின் கரைதிறனைப் பொறுத்தது. ஆய்வுகூடத்தில் ஒரு முகவையில் காட்ட முடியாத வரிசையை உப்பளம் பாத்தி பாத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

கரும்பலகைப் படம் மறைத்துவிடும் இன்னொரு விசயமும் இங்கேதான் தெரிகிறது. இந்தத் தடாகங்களில் உப்பு விளையும்போது ஒரு இலத்திரன்கூடக் கைமாறுவதில்லை. அயன்கள் கடலுக்கு வரும்போதே அயன்கள். பாறைகள் கரைந்து ஆறுகளோடு வந்த சோடியம், பூமியின் உள்ளிருந்து எரிமலை வழியே வந்த குளோரின் என்று, கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவை தண்ணீரில் தனித்தனியே அலைகின்றன. ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கின்றன. வெயில் அந்த நீரை எடுத்துக்கொள்ள, அயன்கள் நெருங்கி, எதிர் ஏற்றம் பக்கத்தில் வரும்படி அடுக்கிக்கொள்கின்றன. பிணைப்பு என்பது இந்த ஈர்ப்புத்தான். கொடுக்கல் வாங்கல் எப்போதோ முடிந்த கதை.

இந்த ஈர்ப்பு எவ்வளவு பலமானது என்பதை உருகுநிலை சொல்லும். ஐஸ் பூச்சியத்தில் உருகும். உப்புக்கு 801 பாகை செல்சியஸ் வேண்டும். அடுப்பில் சீனி உருகிப் பாகாவதைப் பார்த்திருக்கிறோம், உப்பு உருகி யாரும் பார்த்திருக்க மாட்டோம். அதே உப்பு ஒரு கோப்பைத் தண்ணீரில் கண் முன்னே மறைந்துவிடுகிறது. பிள்ளைகள் பலர் கரைதலையும் உருகுதலையும் குழப்பிக்கொள்வார்கள். எங்கள் பேச்சுமொழியில் அந்தக் குழப்பம் இல்லை. மழையில் உப்பு கரையும், வெயிலில் ஐஸ் உருகும், மாரியில் சட்டி உப்பு கசியும். மூன்றும் மூன்று வேறு நிகழ்வுகள், மூன்றுக்கும் தனித்தனி வினைச்சொல். வகுப்பில் முதலில் இந்தச் சொற்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

மானிப்பாயில் ஒருவர் அப்படித்தான் தொடங்கினார். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தவர். அதற்காக மாணவர்களின் துணையோடு பாடநூல்களை மொழிபெயர்த்தார். அவற்றில் ஒன்று 1875இல் வந்த ‘கெமிஸ்தம்’. ஆங்கிலப் பெயருக்குத் தமிழ் ஈறு கொடுத்த அந்தத் தலைப்பே எனக்குப் பிடிக்கும். அந்த நூலில் இன்றைய அயன் பிணைப்பைத் தேடுவது வீண். அப்போது உலகில் எந்த மொழியிலும் அது இல்லை. உப்பு நீரில் அயன்களாகப் பிரிகிறது என்று பிறகு சொன்ன சுவீடன்காரர் ஆர்ஹீனியஸ் அப்போது 16 வயதுப் பையன். அவருடைய ஆய்வேடு வந்த 1884இல்தான் கிறீன் இறந்தார். இலத்திரன் கண்டுபிடிக்கப்படவே 1897 ஆனது. அந்தக் காலத்து இரசாயனத்தைச் சுடச்சுடத் தமிழில் கொண்டுவந்த ஊர் இது என்பதை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இலத்திரன் உண்மையில் கைமாறிய இடம் ஆனையிறவுக்குத் தெற்கே, பரந்தனில் இருந்தது. 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் செலுத்தி, கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் தயாரித்தது. குளோரைட்டு அயன் தன் இலத்திரனைத் திருப்பிக் கொடுத்து வாயுவாக வெளியே வரும். கரும்பலகை அம்புக்குறியின் மறுபக்கம். போர் அதையும் சிதைத்தது.

போரில் மின்கலம் தடைப்பட்டியலில் இருந்த அந்தக் காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றித்தான் ஊரே வானொலி கேட்டது. எங்கள் ஆசிரியர் அதே டைனமோவின் வயர் நுனி இரண்டையும் உலர்ந்த உப்புக் குவியலில் குத்தினார். இடையில் இணைத்திருந்த மின்குமிழ் எரியவில்லை. குவியலைத் தண்ணீரில் கரைத்துவிட்டு மறுபடி மிதிகட்டையைச் சுற்றச் சொன்னார். எரிந்தது. திண்மத்தில் அயன்கள் இடம் விட்டு அசையாது, கரைசலில் அசையும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உப்பளத்தில் அள்ளிய உப்பை உடனே விற்பதில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் குவித்து வைப்பார்கள். புது உப்பில் ஒட்டியிருக்கும் மகனீசியம் குளோரைட்டு, காற்றில் ஈரப்பதன் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். தூய உப்புக்கோ முக்கால் பங்குக்கு மேல் வேண்டும். அதனால் கைப்பு மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கிப்போக, சதுரக் கற்கள் குவியலிலேயே தங்கிவிடும். மழை பெய்யாத நாளிலும் குவியலின் அடிமண் ஈரமாகக் கிடந்தால், காரணம் அதுதான்.