சூதைத் தடுக்க ஒரு வேலை... சம்பளம் யார் தருவது?

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிக் கடைகள் வரிசையாக இருந்த காலம். பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்ற பெயர்களையெல்லாம் பூகோளப் பாடத்துக்கு முன்னால் லாட்டரிச் சீட்டில்தான் படித்தேன். என் சித்தப்பா விசைத்தறி ஓட்டியவர். அவருடைய வலது கட்டைவிரல் நகத்தில் எந்நேரமும் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். சுரண்டல் லாட்டரியின் பொடி. சோறு பிசையும்போதுகூட அது மின்னும். சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடும் நேரத்துக்குச் சித்தி பட்டறை வாசலில் போய் நின்றுகொள்வார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் கூலி கரைந்துவிடும் என்ற பயம்.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. கடைகள் மூடின. சித்தப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் போய்வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுச் சீட்டு வாங்கினார். அதுவும் போதாமல், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மூணு நம்பர். குலதெய்வம் கோயிலில் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்கிப் பார்த்தார்கள். ஆடியில் செய்த சத்தியம் தீபாவளி வரை தாங்கவில்லை. அடித்துப் பார்த்தார்கள், அழுது பார்த்தார்கள். அவர் எதிரில் உட்கார்ந்து, 'இது ஒரு நோய், இதற்கு வழி இருக்கிறது' என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள் எங்கள் ஊரில் இல்லை.

அந்த ஆள் செய்கிற வேலைக்கு இன்று பெயர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. 'புதிய வேலைகள்' பகுதிக்காக அதைப் பற்றி எழுதக் கேட்டார்கள். எழுத உட்கார்ந்ததும், படிப்பையும் தகுதியையும் தாண்டி அந்தச் சம்பளத்தின் மேலேயே என் மனம் போய் நின்றது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சூதாட்டத்தால் வரும் கேட்டைக் குறைப்பதுதான் தொழில். உளவியலோ சமூகப் பணியோ படித்தவர்கள் உதவி எண்ணில் பேசுகிறார்கள். சட்டம் படித்தவர்கள் விதிகளை எழுதுகிறார்கள். ஒரு மாதத்தில் ஒருவர் எத்தனை முறை பணம் போட்டார், தோற்ற ஐந்தே நிமிடத்தில் மறுபடி போட்டாரா, நள்ளிரவுக்கு மேல் ஆடுகிறாரா என்று கணக்குப் பார்ப்பது புள்ளியியல் படித்தவர்களின் பங்கு. மருத்துவ உலகம் சூதாட்ட வெறியை மனநோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980-இல். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, குடி, போதையோடு ஒரே வரிசையில் இதை வைத்தது 2013-இல். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், செல்போனையும் இணையத்தையும் விட முடியாதவர்களுக்கென்று 2014-இலேயே தனி கிளினிக் தொடங்கிவிட்டார்கள். ஆக, துறை இளசு. உள்ளே நுழைய இடம் நிறைய இருக்கிறது.

வேலை லேசானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2014 உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது சிங்கப்பூரில் சூதாட்டத்துக்கு எதிராக ஒரு விளம்பரம் வந்தது. சிறுவர்கள் உட்கார்ந்து எந்த நாடு ஜெயிக்கும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒரு பையன் முகம் வாடிப்போய், ஜெர்மனி ஜெயிக்க வேண்டும் என்பான். அவனுடைய சேமிப்பு முழுவதையும் அவன் அப்பா ஜெர்மனி மேல் கட்டிவிட்டார். பார்த்தவர்களின் நெஞ்சைத் தொட்ட விளம்பரம். ஆனால் அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று நொறுக்கியது, கோப்பையையும் தூக்கியது. அந்த அப்பா பணக்காரர் ஆகிவிட்டார் என்று உலகமே சிரித்தது. விளம்பரம் செய்தவர்கள் அதோடு ஓய்ந்துவிடவில்லை. புதிதாக ஒரு கேள்வியும் பதிலும் சேர்த்தார்கள். உன் பணம் திரும்பி வந்ததா என்று கேட்டால், இல்லை, அப்பா நிறுத்தவே மாட்டார், இன்னும் ஒரு தடவை கட்டப் பார்க்கிறார் என்று பையன் சொல்வான். முதல் விளம்பரத்தைவிட இதுதான் உண்மைக்கு நெருக்கம் என்பது என் எண்ணம். சித்தப்பாவுக்கும் இரண்டு தடவை பரிசு விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டில் கடன் ஏறியது அந்த இரண்டு தடவைக்கும் பிறகுதான்.

ஆட்களிடம் பேசுவது ஒரு பாதி என்றால், அரசாங்கத்திடம் பேசுவது இன்னொரு பாதி. அதில் எனக்குத் தெரிந்த பெரிய வெற்றி பிரிட்டனில் கிடைத்தது. அங்கே கடைத்தெருவில் பந்தயக் கடைகள் உண்டு. ஒவ்வொரு கடையிலும் நான்கு எந்திரங்கள் வரை வைக்கலாம். திரையில் ரூலெட் சக்கரம் சுற்றும். அப்போது ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்ட முடிந்தது. 20 வினாடிக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் 300 பவுண்டு வரை பணயம் வைக்க முடிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போகிறவர் மாதச் சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வர முடிந்தது.

அந்த எந்திரத்தில் தோற்றுப்போனவர்களே அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சேர்ந்தார்கள். வெறும் கண்ணீரோடு அவர்கள் போகவில்லை. எந்தத் தெருவில் எத்தனை கடை, ஏழைகள் வாழும் பகுதியில் எத்தனை என்று வரைபடம் போட்டு எடுத்துப் போனார்கள். உச்சவரம்பு 2 பவுண்டு என்று 2018 மே மாதம் அரசு அறிவித்தது. பிறகு, அமலுக்கு வர அடுத்த ஆண்டு அக்டோபர் ஆகும் என்று இழுத்தார்கள். அந்தத் துறையின் அமைச்சராக இருந்த பெண்மணி, ஒரு நாள் தாமதம்கூட உயிரைக் குடிக்கும் என்ற நிலையில் நின்று, நவம்பர் 1 அன்று பதவியைத் தூக்கி எறிந்தார். இரண்டு வாரத்தில் அரசு இறங்கி வந்தது. 2019 ஏப்ரலில் 100 பவுண்டு 2 பவுண்டு ஆனது. ஆறு மாதம் முன்னால் வந்த ஒரு விதி! இந்தத் தொழிலில் வெற்றி என்றால் அது இப்படித்தான் இருக்கும். மாலை மரியாதை கிடையாது. அந்த ஆறு மாதத்தில் யார் யார் தப்பினார்கள் என்பது யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். அதே பிரிட்டனில் ஆய்வு, சிகிச்சை, விழிப்புணர்வு எல்லாம் பல வருடங்களாகச் சூதாட்ட நிறுவனங்கள் தாமாகக் கொடுத்த நன்கொடையில்தான் நடந்தன. சாராயக் கடைக்காரர் மனது வைத்தால் மதுவிலக்குச் சங்கத்துக்கு வாடகை கிடைக்கும் என்பது போல. அந்தப் பணத்தில் வாழ்கிற ஒருவர், 'எந்திரத்தை எடுங்கள்' என்று எத்தனை சத்தமாகச் சொல்லிவிடுவார்? மிரட்ட யாரும் வேண்டியதில்லை. அடுத்த வருட நன்கொடை நினைவுக்கு வந்தாலே குரல் தானாக இறங்கும். ஆட்டத்தைத் திருத்துவதை விட்டுவிட்டு ஆடுகிறவனைத் திருத்தும் துண்டறிக்கைகளாக அச்சடித்துக் கொண்டிருப்பார்.

'பொறுப்பான சூதாட்டம்' என்ற சொல்லே இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. நம் ஊர் டி.வி.யில் ரம்மி விளம்பரம் ஓடிய நாட்களை நினைத்துப் பாருங்கள். நடிகர் சிரித்து முடித்ததும் ஒரு குரல் வரும். பண இழப்பு நேரலாம், பழக்கமாகிவிடலாம், பொறுப்போடு ஆடுங்கள், உங்கள் சொந்தப் பொறுப்பில் ஆடுங்கள். பொறுப்பு முழுவதும் ஆடுகிறவன் தலையில். விட்ட இடத்தில் பிடிக்கத் தூண்டும்படி ஆட்டத்தை வடிவமைத்தவருக்குப் பொறுப்பு கிடையாதா? பெரிய தொகையைத் தோற்கிற சிலர்தான் நிறுவனத்துக்கு மிக லாபமான வாடிக்கையாளர்கள். அவர்களைப் பார்த்து 'போதும், எழுந்து போங்கள்' என்று சொல்ல, அதே நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிற ஒரு பெண்ணை உட்கார வைக்கிறார்கள். அவள் எத்தனை நல்லவளாக இருந்தாலும் அந்த நாற்காலி அவளுடையது இல்லை.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு பதில் உண்டு: பெரும்பாலானவர்கள் பொழுதுபோக்குக்குத்தான் ஆடுகிறார்கள், நாங்கள் பணம் தராவிட்டால் இந்த உதவி எண்கூட இருந்திருக்காது.

பிரிட்டன் 2025 ஏப்ரலில் நன்கொடைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நிறுவனங்களின் வருமானத்தில் 0.1 முதல் 1.1 சதவீதம் வரை கட்டாய வரி. வசூலில் பாதி சிகிச்சைக்கு, 30 சதவீதம் தடுப்புக்கு, 20 சதவீதம் ஆய்வுக்கு. பணம் வருவது அதே இடத்திலிருந்துதான். ஆனால் அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் கை அரசின் கை. இந்தத் துறைக்குள் வர நினைக்கிற பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இணைய ரம்மி விஷயத்தில் நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்ததே. தடைச் சட்டம், கோர்ட், மறுபடி சட்டம், மறுபடி கோர்ட். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு போட்ட விதிகளில் எனக்குப் பிடித்தவை இரண்டு. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஆடினால், அரை மணிக்கு ஒரு தடவை திரையில் எச்சரிக்கை வர வேண்டும். தூங்காத கண்ணை அறிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். ஜூனில் உயர் நீதிமன்றம் இவை செல்லும் என்றது. விதியின் பலனைப் பார்ப்பதற்குள், ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் அத்தனையையும் நாடு முழுக்கத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. நிறுவனங்கள் ஆட்டத்தை நிறுத்தின, ஆட்களைக் குறைத்தன. ஆட்ட வருமானத்தில் சம்பளம் வாங்கிய 'பொறுப்பு' அதிகாரியின் நாற்காலி மட்டும் மிஞ்சுமா? ஆடித் தோற்றவனின் கந்துவட்டியும், ராத்திரி விழிப்பும், வெளிநாட்டுச் செயலியைத் தேடும் கையும் அப்படியே இருக்கின்றன. 2003-இல் லாட்டரிக் கடை மூடிய மறுநாள் எங்கள் வீடு எப்படி இருந்ததோ, அப்படியே. இப்போதைக்கு அவனுக்கு இருப்பது, மனநலத்துக்கென்று நாடு முழுக்க உள்ள 14416 என்ற எண். தமிழிலும் பேசலாம். ஆனால் அந்த முனையில் சூதை மட்டுமே படித்த ஒரு ஆள், மாவட்டத்துக்கு ஒருவராவது, அரசுச் சம்பளத்தில் வேண்டும்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி சித்தியைக் கூப்பிட்டேன். சித்தப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. சிங்கப்பூரில் கேசினோவுக்குப் புருஷன் போகக் கூடாது என்று பெண்டாட்டி மனுக் கொடுக்கலாம், விசாரித்துவிட்டு அவரை உள்ளே விடாமல் உத்தரவு போடுவார்கள் என்று சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நம்மூர்ல அதை எந்த ஆபீஸ்ல குடுக்கணும் கண்ணு?" என்று கேட்டார். "தம்பி போன்ல என்னமோ ஆடறான்."