எபிசோட் 37: பிளாக்பேர்ட்னு ஒரு பறவை இல்லை

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. டொரன்டோவுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போயிருக்கிற ஒரு நேயர் அனுப்பினது. பீட்டில்ஸோட 'பிளாக்பேர்ட்' பாட்டு தெரியும்ல, 1968-ல வந்தது, பின்னணியில ஒரு பறவை பாடிக்கிட்டே இருக்கும். இவங்க ஏரிக்கரையில நடக்கப் போனப்போ பக்கத்துல இருந்தவர் ஒரு கறுப்புப் பறவையைக் காட்டி, "அதோ பிளாக்பேர்ட்" என்றிருக்கிறார். இவங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனா அது வாயைத் திறந்தா பாட்டுல கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. "கடைசியில கரகரன்னு இழுக்குது ப்ரோ, இதைப் போயா பாட்டுல போட்டாங்க?"னு கேட்டிருந்தாங்க.

இதைப் போடலை. பாட்டுல இருக்கிறது ஐரோப்பாவோட பிளாக்பேர்ட். ஏரிக்கரையில இருந்தது அமெரிக்கக் கண்டத்தோட பிளாக்பேர்ட். பேர்தான் ஒண்ணு, சொந்தபந்தம் எதுவும் கிடையாது. கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின விஷயம்தான்: ரெண்டு லைப்ரரியில ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன் இருக்கும், நாம தப்பானதைக் கூப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் முழிப்போம். பறவை விஷயத்துல இந்தப் பேர்க் குழப்பத்துக்கு விலை கொஞ்சம் அதிகம். அதைப் பத்தித்தான் இன்னைக்கு.

[இங்கே ஐரோப்பிய பிளாக்பேர்டின் பாட்டு 15 வினாடி ஒலிக்கிறது]

இப்போ கேட்டீங்களே, அதுதான் அசல். அறிவியல் பேர் டர்டஸ் மெருலா. ஆண் பறவை கரி மாதிரி கறுப்பு, மஞ்சள் அலகு, கண்ணைச் சுத்தி ஒரு மஞ்சள் வளையம். பெண் பறவை பழுப்பு நிறம். அதாவது பாதிப் பேர் பிளாக்கே இல்லை! நாம தமிழ்ல பூங்குருவினு சொல்ற குடும்பம் இது. புல்தரையில நாலு எட்டு ஓடும், நிக்கும், தலையைச் சாய்ச்சுப் பார்க்கும், மண்புழுவை இழுத்து எடுக்கும். ஸ்வீடனோட தேசியப் பறவை இதுதான்.

காக்காவும் கறுப்புத்தானே, அதுக்கு ஏன் அந்தப் பேர் போகலைன்னு கேக்கலாம். பழைய ஆங்கிலத்துல பெரிய பறவைக்கு 'ஃபவுல்', சின்னப் பறவைக்குத்தான் 'பேர்ட்'. காக்கா முதல் வகை. சின்னதுல கறுப்பா இருந்தது இது, பேர் ஒட்டிக்கிச்சு.

இது ஒரு காலத்துல காட்டுப் பறவை, கூச்ச சுபாவம். 19-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல ஜெர்மனி, இத்தாலி பக்கம் ஊருக்குள்ள வர ஆரம்பிச்சது. இப்போ ஐரோப்பிய நகரங்கள்ல எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இருக்கு. நகரத்துப் பறவைகள் காட்டுப் பறவைகளைவிட உயர்ந்த ஸ்தாயியில பாடுது, சீக்கிரமே எழுந்து பாடுது, குளிர்காலத்துல தெற்கே கிளம்பாம ஊரிலேயே தங்குறதும் அதிகம். இது வெறும் பழக்கமா, பிறவியிலேயே வந்த மாற்றமா? மியூனிக் நகரத்துல இருந்தும் பக்கத்துக் காட்டுல இருந்தும் குஞ்சுகளை எடுத்து, ஒரே மாதிரி சூழல்ல கையால வளர்த்துப் பார்த்தாங்க. முடிவுகள் 2007-ல வெளிவந்தது. வலசைக் காலத்துல கூண்டுப் பறவைகள் ராத்திரி முழுக்கத் துள்ளிக்கிட்டு இருக்கும், அந்தத் துள்ளலை எண்ணலாம். நகரத்து ஆண் பறவைகளுக்கு அந்தத் தவிப்பு குறைவு. ஒரே சாப்பாடு, ஒரே அறை, இருந்தும் வித்தியாசம். ஊர் அதுங்க ரத்தத்துலயே ஏறிடுச்சு. நம்மள்ல பாதிப் பேருக்கு பொங்கலுக்கு ஊருக்குப் போகணும்ங்கிற தவிப்பே குறைஞ்சுபோன மாதிரின்னு வெச்சுக்கோங்க. (நம்மளோடது மரபணு இல்லை, டிக்கெட் விலை.)

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். ஐரோப்பாவுல இருந்து குடியேறினவங்க புது ஊர்ல பார்த்த பறவைகளுக்கெல்லாம் பழைய ஊர்ப் பேரை வெச்சாங்க. ஊர் ஞாபகம், வேற என்ன. கறுப்பா இருந்தா பிளாக்பேர்ட், நெஞ்சு சிவப்பா இருந்தா ராபின். இதுல வேடிக்கை என்னன்னா, அந்த அமெரிக்க ராபின் இருக்கே, அதுதான் உண்மையான பூங்குருவி. டர்டஸ் மைக்ரேடோரியஸ். ஐரோப்பிய பிளாக்பேர்டோட நேரடிப் பங்காளி. பங்காளிக்கு வேற வீட்டுப் பேர், வழிப்போக்கனுக்குக் குடும்பப் பேர்.

அந்த வழிப்போக்கர்களோட குடும்பம் ஐக்டெரிடே. நூறு இனங்களுக்கு மேல இருக்கு, எல்லாம் அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும். பால்டிமோர் ஓரியோல்னு ஒரு ஆரஞ்சுப் பறவை உண்டு, அதுவும் இந்தக் குடும்பம்தான். நம்ம மாங்குயிலையும் ஆங்கிலத்துல ஓரியோல்னுதான் சொல்றாங்க, அதுக்கும் இதுக்கும்கூட சம்பந்தம் இல்லை. பேர் வைக்கிற கமிட்டி அன்னைக்கு லீவு போல.

நம்ம ஊர்க் கணக்குல சொன்னா சுலபமா புரியும். ஐரோப்பிய பிளாக்பேர்ட் நிக்கிறது நம்ம மைனா, குண்டுக்கரிச்சான் இருக்கிற பக்கம். அமெரிக்க பிளாக்பேர்ட்கள் வீட்டுச் சிட்டுக்குருவி இருக்கிற பக்கம். கரன்ட் கம்பியில உக்காந்திருக்கிற இரட்டைவால் கரிச்சானும் கறுப்புத்தான், அது காக்கா பக்கம். கறுப்புங்கிறது ஒரு நிறம், அவ்வளவுதான். அதை வெச்சு உறவு சொல்ல முடியாது.

டொரன்டோ நேயர் பார்த்தது ரெட்-விங்டு பிளாக்பேர்டா இருக்கணும். ஏரிக்கரைக் கோரைமேல உக்காந்து, தோள்ல இருக்கிற சிவப்புத் திட்டை விரிச்சுக் காட்டிக்கிட்டே கத்தும். அந்தச் சிவப்பு அலங்காரம் இல்லை, ஏரியா போர்டு. 1970-கள்ல சில ஆண் பறவைகளோட தோளுக்குக் கறுப்பு மை பூசிப் பார்த்தாங்க. பூசினதுல பல பறவைகள் தங்களோட இடத்தையே பறிகொடுத்தது.

வட அமெரிக்காவுல ரொம்ப அதிகமா இருக்கிற பறவைகள்ல இதுவும் ஒண்ணு. குளிர்காலத்துல மத்த கறுப்புப் பறவைகளோட சேர்ந்து ஒரே இடத்துல லட்சக்கணக்கில அடையும். சோளம், சூரியகாந்தி, நெல் போட்ட விவசாயிக்கு எப்படி இருக்கும்? கோபம் வரும்ல. அதனால கட்டுப்படுத்த என்னென்னமோ செஞ்சாங்க. ஆண் பறவைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கூட பண்ணிப் பார்த்திருக்காங்க, நிஜமா. ஒரு ஆண் பறவையோட ஏரியாவுல பல பெண் பறவைகள் கூடு கட்டும், அதனால ஒருத்தரை நிறுத்தினா பல கூடு காலின்னு கணக்கு. 1975-ல முடிவு வெளிவந்தது. ஆபரேஷன் ஆன ஆண்களோட ஏரியாவுலயும் குஞ்சு பொரிக்கிற முட்டைகள்! பெண் பறவைகள் பக்கத்து வீட்டு ஆண்களோடயும் சேருதுனு அப்போதான் பலருக்கும் உறைச்சது. பூச்சிமருந்து மனநிலையில ஆரம்பிச்சது, பறவைகளோட குடும்ப வாழ்க்கையைப் பத்தின பாடமா முடிஞ்சது.

இன்னொரு வழி அவ்வளவு வேடிக்கை இல்லை. 1974-ல இருந்து 1992 வரைக்கும் அமெரிக்க அரசு, பறவைகள் அடையுற தோப்புகள்மேல பிஏ-14னு ஒரு சோப்பு மாதிரி ரசாயனத்தைத் தெளிச்சது. பறவை இறகுல எண்ணெய் இருக்கும், அதுதான் அதோட ரெயின்கோட். சோப்பு அதைக் கழுவிடும். குளிரும் மழையும் இருக்கிற ராத்திரியாப் பார்த்து தெளிச்சா, இறகு நனைஞ்சு, உடம்புச் சூடு போய், விடியறதுக்குள்ள செத்து விழும். இப்படிச் செத்தது சுமார் 3.8 கோடி பறவைகள். பிளாக்பேர்ட்களும், கூட அடைஞ்சிருந்த ஸ்டார்லிங்குகளும்.

இப்போ பேருக்குத் திரும்புவோம். ராத்திரி, இருட்டு, ஒரு தோப்பு முழுக்கக் கறுப்புப் பறவைகள். தெளிக்கிறவருக்கு எல்லாம் 'பிளாக்பேர்ட்'. அந்தக் கூட்டத்துல ரஸ்ட்டி பிளாக்பேர்ட்னு ஒண்ணும் கலந்து அடையுறது உண்டு. இலையுதிர் காலத்துல இறகோரம் துருப்பிடிச்ச நிறமா மாறும், அதான் பேர். கனடா, அலாஸ்கா சதுப்புக் காடுகள்ல கூடு கட்டி, குளிருக்கு அமெரிக்காவோட தென்கிழக்குச் சதுப்பு வனங்களுக்கு வரும். இது பயிர் மேயுற கோஷ்டி இல்லை, தண்ணியோரம் இலையைப் புரட்டிப் பூச்சி பிடிக்கிற பறவை. 20-ஆம் நூற்றாண்டோட பின்பாதியில இருந்து கணக்குப் பார்த்தா இதோட எண்ணிக்கை 85 சதவீதத்துக்கும் மேல சரிஞ்சிருக்கு. காரணம் ஒண்ணு இல்லை. சதுப்பு வனங்களை வெட்டி வயலாக்கினது, வடக்கே ஈரநிலங்கள் காயுறது, உடம்புல சேருற பாதரசம், கூடவே இந்த மொத்தக் கொலையும்.

அமெரிக்காவுல பயிரைக் கெடுக்கிற பறவைகளைத் தனி அனுமதி வாங்காமலே கொல்லலாம்னு ஒரு உத்தரவு உண்டு. அதுல பிளாக்பேர்ட், காக்கா, கிராக்கிள்னு பட்டியல். அந்தப் பட்டியல்ல இருந்து ரஸ்ட்டியைத் தனியாப் பேர் சொல்லி எடுத்தது 2010-லதான். அதுவரைக்கும் பேர்ல பிளாக்பேர்ட் இருந்ததே குற்றம்.

அதே 2010 டிசம்பர் 31 ராத்திரி, ஆர்கன்சா மாநிலத்துல பீபினு ஒரு சின்ன ஊர்ல வானத்துல இருந்து ஆயிரக்கணக்கான பறவைகள் செத்து விழுந்தது. பெரும்பாலும் ரெட்-விங்டு. உலகம் அழியப் போகுதுன்னு இன்டர்நெட்ல ஒரே பீதி. புத்தாண்டு வெடிச் சத்தத்துல தூக்கம் கலைஞ்சு பறந்து, இருட்டுல வீட்டுலயும் மரத்துலயும் மோதியிருக்குனு ஆய்வு சொன்னது. இதுங்க கண்ணு ராத்திரிக்கு ஆகாது. இது உலகச் செய்தி ஆச்சு. ரஸ்ட்டி கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போனது யாருக்கும் செய்தி ஆகலை. கூட்டமா விழுந்தாத்தானே சத்தம் கேக்கும்.

இன்னும் நுணுக்கமான கேஸ் கலிஃபோர்னியாவுல இருக்கு. ட்ரைகலர்டு பிளாக்பேர்ட். ரெட்-விங்டுக்கு சிவப்புத் திட்டுக்குக் கீழே மஞ்சள் கோடு, இதுக்கு வெள்ளைக் கோடு. வித்தியாசம் அவ்வளவுதான். பெண் பறவைகளைப் பிரிச்சுச் சொல்றது கெட்டிக்காரங்களுக்கே கஷ்டம். ஆனா வாழ்க்கை முறை தலைகீழ். ரெட்-விங்டு ஆண் ஆளுக்கொரு ஏரியா பிடிச்சுச் சண்டை போடும். ட்ரைகலர்டு ஒண்ணோடொண்ணு ஒட்டி, அபார்ட்மென்ட் மாதிரி காலனி கட்டும். 1930-கள்ல ஒரே காலனியில 2 லட்சத்துக்கும் மேல கூடுகளை எண்ணியிருக்காங்க. கோரை வளர்ந்த சதுப்பு நிலமெல்லாம் வயலா மாறினதும், இதுங்க மாட்டுப் பண்ணைகளோட தீவனப் பயிருக்குள்ள காலனி போட ஆரம்பிச்சது. பயிர் அறுப்புக்கு வர்ற நேரமும் குஞ்சு பொரிக்கிற நேரமும் ஒண்ணு. ஒரு நாள் மெஷின் ஓடினா ஆயிரக்கணக்கான கூடு போச்சு. மாநிலம் முழுக்க எடுத்த கணக்கெடுப்புல 2008-ல சுமார் 3,95,000, 2014-ல சுமார் 1,45,000.

இதுல விவசாயியை வில்லனாக்க எனக்கு மனசு வரலை. தீவனத்தை நேரத்துக்கு அறுக்கலைன்னா அதோட தரம் போயிடும், நஷ்டம் அவருக்கு. அதனால அறுவடையைச் சில வாரம் தள்ளிப்போடுறவங்களுக்கு நஷ்டத்தை ஈடுகட்டப் பணம் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. பறக்கிற வயசு வந்ததும் குஞ்சுகள் போயிடும், அப்புறம் அறுத்துக்கலாம். 2018-ல மாநிலம் இதை அழியும் ஆபத்துல இருக்கிற இனமா அறிவிச்சது. அந்த வெள்ளைக் கோட்டை யாரோ கவனிச்சு, "இது அது இல்லை"னு சொல்லாம இருந்திருந்தா இந்தக் கணக்கெடுப்பே நடந்திருக்காது.

சரி, நம்ம பக்கம் பிளாக்பேர்ட் உண்டா? உண்டு. ஊட்டி, கொடைக்கானல் சோலைக்காடு பக்கம் போயிருக்கீங்கன்னா காதுல விழுந்திருக்கும், இலங்கை மலைநாட்டுலயும் இருக்கு. இது நிஜமாவே பூங்குருவி, ஐரோப்பியதோட அதே டர்டஸ் பேரினம். அதனாலதான் ரொம்ப காலம் அதோட ஒரு கிளையினம்னே எழுதி வெச்சிருந்தாங்க. மரபணுவையும் உருவத்தையும் பார்த்த பிறகு தனி இனம்னு பிரிச்சாங்க: டர்டஸ் சிமிலிமஸ், இந்திய பிளாக்பேர்ட். சிமிலிமஸ்னா லத்தீன்ல 'ரொம்ப ஒத்துப்போற'னு அர்த்தம். தனி ஆளான பிறகும் பேர்ல அந்த ஒப்பீடு போகலை பாருங்க.

அதே சமயம் சீனாவுலயும் திபெத்லயும் இருந்ததைத் தனித்தனி இனமாப் பிரிச்சாங்க. திபெத் பறவைக்குக் கண் வளையம் கிடையாது, பாட்டும் பேருக்குத்தான். நம்ம பறவையிலயே இடத்துக்கு இடம் மாறும். நீலகிரி ஆணுக்கு உடம்பு கருஞ்சாம்பல், தலையில அதைவிடக் கறுப்பா ஒரு தொப்பி. இலங்கையில இருக்கிறது முழுக்க ஒரே நீலச்சாம்பல். அலகும் கண் வளையமும் மட்டும் எல்லாத்துக்கும் மஞ்சள், ஆரஞ்சு வகையறா.

பார்க்கணும்னா ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்ல காலம், கூடு கட்டுற நேரம். விடிகாலையிலயும் பொழுது சாயும்போதும் மரத்தோட உச்சியில உக்காந்து பாடும். மெர்லின் ஆப்பை ஆன் பண்ணி வெச்சீங்கன்னா பேர் காட்டும், ஆனா முதல்ல அஞ்சு நிமிஷம் போனைப் பையில வெச்சுட்டுக் கேளுங்க. ஈபேர்ட்ல பதிவு போடும்போது வெறும் 'பிளாக்பேர்ட்'னு தேடினா வரிசையா வரும், இந்தியனைத் தேர்ந்தெடுங்க.

டொரன்டோ தோழிக்கு: மார்ச் வந்ததும் அதே கோரைக்குப் போங்க. தோள்பட்டைக்குக் கீழே கோடு மஞ்சளானு பார்த்துட்டு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, பின்னணியில அந்தக் கரகரப்போட. அடுத்த எபிசோட்ல போடுறேன்.