சாவி யாரிடம்?

திண்டுக்கல் என்றவுடனே தமிழ் மக்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்திற்கு வரும். ஒன்று, ஓங்கி நிற்கும் அந்தப் பாறையும் அதன்மேலுள்ள கோட்டையும்; மற்றொன்று, பூட்டு. கோட்டை பழைய மன்னர்களின் சின்னமாக நிற்கிறது. பூட்டோ, நாகல் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள பட்டறைகளில், தொழிலாளியின் அரத்தின் கீழ் இன்னும் பிறந்துகொண்டிருக்கிறது. அலிகாரிலிருந்து வரும் யந்திரப் பூட்டுகள் மலிவு விலையில் அதை நெருக்கிவிட்டன என்பது உண்மையே. ஆயினும் அதன் பெருமை குன்றவில்லை. 2019-ஆம் வருஷத்தில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் அராவிச் செய்யும் மாங்காய்ப் பூட்டின் சாவி அந்தப் பூட்டுக்கே உரியது. மற்றொரு பூட்டுக்குச் சேராது.

இப்பூட்டை விலை கொடுத்து வாங்குகிறவன் கையில் வியாபாரி சாவியையும் சேர்த்தே கொடுக்கிறான். சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டு, "பூட்டு உன்னுடையதுதான் ஐயா, திறக்கவேண்டிய போதெல்லாம் என்னிடம் வந்து கேள்" என்று சொல்லும் வியாபாரி, திண்டுக்கல் கடைவீதியில் ஒரு நாள் கடை நடத்த முடியுமா? முடியாது. ஆனால் உலகத்தின் பெரிய வியாபாரங்களுள் ஒன்று இன்று இந்த முறையிலேயே நடக்கிறது. அதுதான் வீடியோ விளையாட்டு வியாபாரம்.

"வீடியோ விளையாட்டாவது, இந்தப் பக்கத்தில் எழுதுவதாவது!" என்று பெரியவர்கள் சிலர் முகஞ் சுளிக்கலாம். அவர்களுக்கு நமது விண்ணப்பம் இது: விளையாட்டு பிள்ளைகளுடையது, ஆனால் இதில் எழுந்திருக்கும் கேள்வி சொத்துரிமையைப் பற்றியது. பணம் கொடுத்தவனுக்குப் பொருள் சொந்தமா, இல்லையா என்பதே கேள்வி.

கேசட்டின் காலம்

1990-ஐ ஒட்டிய வருஷங்களில் நமது ஊர்ச் சிறுவர்கள், டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டியைக் கண்டார்கள். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் 1983-இல் வெளியிட்ட பெட்டியைப் பார்த்துச் செய்தவை அவற்றுள் அநேகம். பெட்டியில் சொருகும் பொருளைச் சிறுவர்கள் 'கேசட்' என்றார்கள். அவற்றில் பல, உரிமையாளரின் சம்மதமின்றிச் செய்த போலிகள் என்பதை மறைக்கவேண்டியதில்லை. போலிக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆனால் அந்தக் கேசட்டுக்கு ஒரு குணம் இருந்தது. வாங்கியவனே அதற்கு எஜமானன். அவன் ஆடலாம், அடுத்த வீட்டுப் பையனுக்கு இரவல் தரலாம், அலுத்துப்போனால் வேறொரு கேசட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கேட்பார் இல்லை. பின்னால் வந்த டிஸ்க்குகளுக்கும் இதே நியாயந்தான் வழங்கிற்று.

இது வெறும் தெருவழக்கமன்று. சட்டமும் ஒப்புக்கொண்ட நியாயம். அமெரிக்காவில் ஒரு புத்தகக் கம்பெனியார், தங்கள் நாவலை 1 டாலருக்குக் குறைத்து எவரும் விற்கக்கூடாது என்று புத்தகத்திலேயே அச்சிட்டு வைத்தார்கள். நியூயார்க் நகரத்துப் பெருங்கடை ஒன்று அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 1908-இல் நீதிபதிகள், புத்தகத்தை விற்றுவிட்ட பிறகு அந்தப் பிரதியை என்ன விலைக்கு மறுபடி விற்பது என்று கட்டளையிட ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் பாத்தியதை இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். எழுத்து ஆசிரியனுக்குச் சொந்தம். பிரதி வாங்கியவனுக்குச் சொந்தம். எவ்வளவு தெளிவான பாகுபாடு!

கிரயமா, குத்தகையா?

இன்றோ விளையாட்டுகளில் பெரும்பகுதி கடையில் கைமாறுவதில்லை. இணையத்தின் வழியே நேராக வீட்டிலுள்ள யந்திரத்தில் இறக்கிக்கொள்கிறார்கள். இதை 'டவுன்லோடு' என்கிறோம். 2020-இல் வந்த ப்ளேஸ்டேஷன் 5 என்னும் பெட்டி, டிஸ்க் போடும் வாயே இல்லாத ஒரு வகையாகவும் விற்கப்பட்டது. அந்த வகையை வாங்கியவனுக்கு டவுன்லோடைத் தவிர வேறு கதி கிடையாது.

நிலக்கோட்டையில் மல்லிகை பயிரிடுகிறவரையும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிறவரையும் கேட்டுப் பாருங்கள். கிரயம் என்ன, போக்கியம் என்ன, குத்தகை என்ன என்று தடுமாறாமல் சொல்லுவார்கள். கிரயம் கொடுத்தவனுக்கு நிலம் சொந்தம். குத்தகை எடுத்தவனுக்குத் தவணை வரையில் அனுபவ பாத்தியதை. கிரயத்துக்குரிய முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, குத்தகைச் சீட்டை எழுதிக் கொடுப்பவனை நமது கிராமத்தார் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை.

டவுன்லோடு கடையின் பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருக்கிறது. ஆனால் அதன் பின்னால் உள்ள, எவரும் படிக்காத நீண்ட நிபந்தனைப் பத்திரத்தில், நீர் பொருளை வாங்கவில்லை, அதை உபயோகிக்க ஒரு லைசென்ஸ் மாத்திரமே பெறுகிறீர் என்று எழுதியிருக்கிறது. அந்த லைசென்ஸை விற்க முடியாது. சிநேகிதனுக்குக் கொடுக்க முடியாது. பெரும்பாலும் பிள்ளைக்கு விட்டுச் செல்லவும் முடியாது. தவணை உண்டா என்றால் அதுவும் இல்லை. கம்பெனியாரின் மனமே தவணை. ஒரு புதிய பெரிய விளையாட்டின் விலை நமது நாட்டில் சுமார் 5,000 ரூபாய் வரையில் போகிறது. திண்டுக்கல் நூற்பாலைகளில் உழைக்கும் ஒரு தொழிலாளியின் வீட்டுப் பிள்ளைக்கு இது அற்பத் தொகையா? டிஸ்க்காக வாங்கியிருந்தால், ஆடி முடித்தபின் மற்றொருவனுக்கு விற்று ஒரு பங்கையாவது மீட்கலாம். டவுன்லோடில் போட்ட பணம் போட்டதுதான்.

விற்றதைத் திரும்பப் பறிப்பார்களா என்று ஐயுறுவோர் 2009-ஆம் வருஷத்தை நினைத்துப் பார்க்கட்டும். அமேசான் கம்பெனியார், தங்கள் கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை விற்றார்கள். விற்றவருக்கு வெளியிடும் உரிமை இல்லையென்று பின்னர்த் தெரிந்ததும், வாசகர்களின் கருவிகளுக்குள் தூரத்திலிருந்தே புகுந்து அந்நூல்களை அழித்துவிட்டார்கள். பணம் திருப்பித் தரப்பட்டது. தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வீட்டுக்குள் கை நுழைந்தது நுழைந்ததுதானே? அழிக்கப்பட்ட நூல்களில் ஒன்று '1984'. பிரஜைகளின் ஏடுகளையும் ஞாபகத்தையும் அழித்துத் திருத்தும் சர்க்காரைப் பற்றிய கதை அது!

டிஸ்க்கும் தப்பவில்லை

"அப்படியானால் டிஸ்க்கையே வாங்குவோம், தொல்லை தீர்ந்தது" என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. பிரான்ஸ் தேசத்து யூபிசாஃப்ட் கம்பெனியார் 2014-இல் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டார்கள். தனியாக ஆடினாலும் கம்பெனியின் சர்வரோடு எந்நேரமும் தொடர்பு இருக்கவேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31-ந் தேதி அந்தச் சர்வரை நிறுத்தினார்கள். டவுன்லோடு செய்தவர்கள் இழந்தார்கள். டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களும் இழந்தார்கள். அலமாரியில் டிஸ்க் இருக்கிறது; அதற்குள் விளையாட்டு உயிரற்றுக் கிடக்கிறது. 2025-இல் நின்டெண்டோவின் புதிய பெட்டியான ஸ்விட்ச் 2-க்கென்று வந்த கார்டுகளில் ஒரு வகை இன்னும் விசித்திரமானது. கார்டு கையில் உண்டு. விளையாட்டு அதற்குள் இல்லை. கார்டைச் சொருகி, விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்ற பழமொழி இதற்குத்தான் பொருந்தும்.

இனி, டவுன்லோடின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். விளையாட்டு டிஸ்க் விற்கும் நல்ல கடை சிறு ஊர்களில் இல்லை. வேடசந்தூரிலோ நத்தத்திலோ இருக்கும் பையன், சென்னையிலும் பம்பாயிலும் இருப்பவனைப் போல் அதே நாளில் அதே விளையாட்டைப் பெறுவதற்கு டவுன்லோடுதான் வழி செய்தது. டிஸ்க் அச்சிடவும் அனுப்பவும் மூலதனமில்லாத சிறு கலைஞர்கள், தங்கள் படைப்பை உலகத்தின் முன் வைக்க முடிந்ததும் அதனால்தான். டிஸ்க் கீறிப்போகும், தொலைந்துபோகும். இவற்றையெல்லாம் மறுப்பது அறிவுடைமையன்று.

மேலும், டவுன்லோடு என்றாலே அடிமைத்தனம் என்பதும் சரியன்று. போலந்து தேசத்து ஜி.ஓ.ஜி. என்னும் கடையார் 2008 முதல் பூட்டில்லாத விளையாட்டுகளை விற்று வருகிறார்கள். வாங்கியவன் முழுப் பிரதியையும் இறக்கித் தன் பெட்டியில் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். நாளைக்கு அக்கடையே மூடப்பட்டாலும் அவனுடைய பிரதி ஓடும். ஆகவே டிஸ்க்கா, டவுன்லோடா என்று மாத்திரம் வாதாடிக்கொண்டிருப்பது மரத்தைப் பார்த்து வேரை மறப்பதாகும். சாவி யாரிடம் என்பதே வேரான கேள்வி. சாவி வாங்கியவனிடம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத டவுன்லோடும் சொத்தே. சாவி விற்றவனிடம் இருந்தால், கையில் பிடித்த டிஸ்க்கும் வாடகைப் பொருளே.

ஏடுகள் கற்பிக்கும் பாடம்

இதில் தனி மனிதனின் நஷ்டம் மட்டுமன்று, பொதுமக்களின் நஷ்டமும் அடங்கியிருக்கிறது. நமது சங்க நூல்களும் காப்பியங்களும் எவ்வாறு பிழைத்தன? மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அதற்காக அவர் எத்தனை ஊர்களில் எத்தனை வீட்டுப் பரண்களைத் தேடினார்! ஏடுகள் பல வீடுகளில் பலருக்குச் சொந்தமாக இருந்தபடியால் அல்லவோ, ஓரிடத்தில் செல்லரித்தது மற்றோரிடத்தில் கிடைத்தது? நமது காலத்திலும், கோட்டையூர் ரோஜா முத்தையா தம் கைப்பொருளைக் கொண்டு சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும், 1992-இல் அவர் மறைந்தபின், சென்னையில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைத்திருக்கின்றன. எல்லா ஏடுகளும் ஒரே அரண்மனையில் பூட்டப்பட்டு, சாவி ஒரே கணக்கப்பிள்ளையிடம் இருந்திருந்தால், அவற்றின் கதி என்னவாகியிருக்கும்?

விளையாட்டுகள் காப்பியங்களல்ல. ஆனாலும் இக்காலத்தின் சித்திரமும் சங்கீதமும் கதையும் அவற்றில் கலந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 100-க்கு 87 இன்று எந்தக் கடையிலும் முறைப்படி வாங்கக் கிடைப்பதில்லை என்று, விளையாட்டுச் சரித்திரத்தைப் பாதுகாக்கும் அந்நாட்டுச் சங்கம் ஒன்று 2023-இல் கணக்கெடுத்துச் சொல்லிற்று. அதே வருஷம் மார்ச் மாதத்தில் நின்டெண்டோ தன் பழைய பெட்டிகள் இரண்டின் இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. டவுன்லோடாக மாத்திரமே வெளிவந்த விளையாட்டுகள் பல, அத்துடன் புதியவர்களுக்கு எட்டாமற் போயின.

செய்யவேண்டியது என்ன?

வாங்குவோர் ஒன்றுபட்டால் கம்பெனிகள் செவிசாய்க்கும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2013-இல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியார் தங்கள் புதிய பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் ஆஜராகவேண்டும் என்றும், டிஸ்க்குகளை மறுபடி விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு என்றும் அறிவித்தார்கள். ஜனங்களின் கூக்குரல் எழுந்தது. அந்த ஜூன் மாதத்திலேயே அறிவிப்பு வாபஸாயிற்று. கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி 1 முதல் அமுலில் இருக்கும் சட்டத்தின்படி, லைசென்ஸை மாத்திரம் கொடுப்பவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடலாகாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு அச்சட்டம் விலக்களிப்பதும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டுகளைக் கொல்லாதீர் என்று கேட்கும் குடிமக்களின் மனுவில் 2025-இல் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

நமது நாட்டிலோ, மயக்கும் விளம்பரங்களைத் தடுப்பதற்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. அதைக் கொண்டு சர்க்கார் மூன்று காரியங்களை வற்புறுத்தவேண்டும் என்பது நமது கோரிக்கை. முதலாவது, லைசென்ஸை லைசென்ஸ் என்றே அழைக்கவேண்டும். அதையும் தமிழ் முதலிய மக்கள் மொழிகளில் விலைக்கு அருகிலேயே சொல்லவேண்டும். இரண்டாவது, சர்வரை நிறுத்தும் கம்பெனி, அதன்பின்னும் விளையாட்டு ஓடுவதற்கு வழி செய்தோ பணத்தைத் திருப்பிக் கொடுத்தோதான் விலகவேண்டும். மூன்றாவது, பொது நூலகங்கள் பிரதிகளைச் சேமித்து வைக்கச் சட்டப்பூர்வமான அனுமதி வேண்டும்.

இதில் விவசாயிக்கு என்ன என்று கேட்பார்க்கு ஒரு வார்த்தை. பழுதான டிராக்டரைச் சொந்தக்காரரும் உள்ளூர் மெக்கானிக்கும் திறந்து பார்க்க முடியாதபடி மென்பொருளால் பூட்டிவிட்டதாக, 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரின் வியாபாரக் கமிஷன் ஜான் டியர் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தது. பிள்ளையின் விளையாட்டுப் பெட்டியில் தொடங்கும் பழக்கம் தகப்பனின் வயல்வரையில் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

வாலிபர்கள் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணத்தை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கட்டும். இதை இரவல் கொடுக்கலாமா? இணையம் இல்லாமல் ஓடுமா? கடை மூடினால் என்னிடம் இருக்குமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றே பதில் வந்தால், அது வாடகை. வாடகைக்குரிய விலையே அதற்குத் தகும். திண்டுக்கல் பட்டறையில் பூட்டை முடிக்கும் தொழிலாளி, சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்தே வாங்குபவன் கையில் கொடுக்கிறான். விற்பனை என்பதற்கு அவன் அறிந்த பொருள் அதுதான். அதற்குக் குறைந்த எதையும் விற்பனையென்று நாம் ஒப்புக்கொள்ளலாகாது.