மழை விட்ட மாலையில் வண்ணக் குன்றுகள்

உச்சிவெயிலில் போய் நிற்பவருக்கு, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் தோன்றும். படங்களில் பார்த்த சிவப்பும் பொன்னும் வெளுத்து, சாயம் போன சேலையைக் காயப்போட்டது போலக் கிடக்கும் குன்றுகள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், மிட்செல் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள ‘பெயிண்டட் ஹில்ஸ்’தான் அந்த இடம். ஜான் டே புதைபடிவப் பூங்காவின் மூன்று பகுதிகளில் ஒன்று.

இவை பாறைக் குன்றுகள் அல்ல, மண் குன்றுகள். மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காக விழுந்து மண்ணாக மாறியது. வெப்பமும் மழையும் மிகுந்த காலத்து மண்ணில் இரும்பு துருவேறிச் சிவந்தது. குளிர்ந்து வறண்ட காலத்து மண் மஞ்சளாக நின்றது. குன்றின் மேலுள்ள பட்டைகள், அந்தப் பழைய பருவநிலைகள் மாறி மாறி வந்துபோன கணக்கு.

அந்தக் கணக்கைக் கேமரா படிக்க வேண்டுமானால் மாலை வெயில் வேண்டும். சூரியன் தாழும்போது ஒளி காற்றுமண்டலத்தில் பல மடங்கு தூரம் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மிஞ்சிய மஞ்சளும் சிவப்பும் ஏற்கெனவே சிவந்த மண்ணில் படுகின்றன. ஒளி பக்கவாட்டில் விழுந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். சூரியன் நம் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தால் நிறம் இருக்கும், மேடுபள்ளம் தெரியாது.

இங்கே கேமராவே ஒரு வில்லங்கம் செய்யும். ஒயிட் பேலன்ஸை ‘ஆட்டோ’வில் விட்டால், அந்திப் பொன்னைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும். ‘டேலைட்’டில் வைத்து, ‘ரா’ கோப்பாக எடுப்பது நல்லது. ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியே பார்க்க வேண்டும். மற்ற நிறங்கள் சரியாக இருக்கும்போதே சிவப்பு வழிந்து, பட்டைகளின் நுட்பம் அழிந்துபோகும். வீடு திரும்பிக் கணினியில் நிறத்தைக் கூட்டுவது, ருசியான குழம்பில் கைநிறைய மிளகாய்ப்பொடி போடுவது மாதிரி. கூட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால், தெளிந்த வானத்தைவிட மழை விட்ட நாளே மேல். காய்ந்த களிமண் சோளப்பொரி போல வெடித்து, வரும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும், அதனால்தான் வெளுப்பு. நீர் நிரம்பினால் ஒளி மண்ணுக்குள் ஆழமாகப் புகும். நனைந்த துணி கருத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஈர மண்ணின் மேல் மினுக்கும் வெள்ளைப் பளபளப்பை மட்டும் போலரைசர் கண்ணாடியைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது அது வானத்தின் நீலத்தையும் அழுத்திக் காட்டும்.

லென்ஸைப் பொறுத்தவரை, அகலமான காட்சி எல்லோரிடமும் இருக்கிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸில் வானத்தை விட்டுவிட்டு, இரண்டு மடிப்புகள் சந்திக்கும் இடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். கிட்டே போக ஆசை வரும், போகக்கூடாது. இந்தக் களிமண்ணில் பதிந்த காலடி ஆண்டுக்கணக்கில் மறையாது. ‘பெயிண்டட் கோவ்’ பாதையில் செம்மண்ணைத் தொடும் தூரத்தில் மரப்பலகை நடைபாதையே போட்டிருக்கிறார்கள்.

சூரியன் மறைந்ததும் பலர் முக்காலியை மடக்கிவிடுவார்கள். நிழலே இல்லாத மெல்லொளி அதன்பிறகும் கொஞ்ச நேரம் குன்றுகள் மேல் தங்கும். வெயிலில் தெரியாத இளம் மஞ்சள் பட்டைகள் அப்போதுதான் சிவப்பிலிருந்து பிரிந்து தெரியும்.