மூட்டில் இருக்கிறது செயினின் ஆயுள்

விசையின் பாதை – 9

ரோலர் செயினின் ஒரு பகுதியைக் கழற்றி, பாகம் பாகமாகப் பிரித்து மேசைமேல் பரப்பினால் ஐந்து வகை உறுப்புகள்தான் தேறும்: வெளித்தகடு, உள்தகடு, பின், புஷ், ரோலர். இரண்டு வெளித்தகடுகளின் துளைகளில் பின் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். அது தகட்டோடு ஒட்டியே நிற்கும், தனியாகச் சுழலாது. இரண்டு உள்தகடுகளின் துளைகளில் புஷ் அதேபோல இறுக்கமாக அமர்ந்திருக்கும். அந்தப் புஷ்ஷுக்குள் பின் சுழலும். புஷ்ஷின் மேலே ரோலர் தளர்வாக உருளும். செயின் வளைவதெல்லாம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில்தான்.

செயின் அறுந்து சாவது அபூர்வம். இந்த மூட்டு தேய்ந்து சாவதே வழக்கம். பல் எண்ணிக்கை, பிட்ச், அச்சு இடைவெளி, எண்ணெய் ஊற்றும் இடம் என்று வடிவமைப்பில் எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை இந்த மூட்டைக் காப்பதற்காக எடுக்கப்படுபவை.

மூட்டு உருவான கதை

சங்கிலியால் விசையைக் கடத்தும் எண்ணம் பழையது. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவின் கைஃபெங் நகரில் சூ சொங் அமைத்த நீர்க்கடிகாரக் கோபுரத்தில் சங்கிலி இயக்கம் இருந்தது. லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலும் தகட்டுச் சங்கிலிகளின் வரைபடங்கள் உண்டு. ஆனால் நெடுங்காலம் வரை சங்கிலியில் பின்னின் முழுச் சுமையையும் மெல்லிய தகடுகளின் விளிம்புகளே தாங்கின. தாங்கும் பரப்பு குறுகலாக இருந்ததால் பின்னும் துளையும் சீக்கிரமே தேய்ந்தன.

இந்தக் குறையைத் தீர்த்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய அவர், 1879-இல் ஜேம்ஸ் ஸ்லேட்டரின் சங்கிலித் தொழிலை விலைக்கு வாங்கினார். மறு ஆண்டே, 1880-இல், புஷ் வைத்த ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். புஷ் வந்ததும் சுமை தகட்டின் விளிம்பை விட்டு அகன்று, உள்தகடுகளுக்கு இடைப்பட்ட முழு அகலத்திலும் பரவியது. ரோலர் பல்லின்மேல் உருண்டு இறங்கியதால் பல்லின் தேய்மானமும் குறைந்தது. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் மிதிவண்டி பின்சக்கரத்தைச் செயினால் இயக்கி வெற்றி கண்டது. அடிப்படை அமைப்பில் இன்றைய செயினும் 1880-இன் செயினேதான். கோவையில் எல்.ஜி.பி. நிறுவனம் ‘ரோலான்’ என்ற பெயரில் செய்யும் செயின்களும் இதே ஐந்து உறுப்புகளால் ஆனவை.

எண்களைப் படிக்கும் விதம்

அடுத்தடுத்த இரண்டு பின்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் பிட்ச். செயினின் மற்ற எல்லா அளவுகளுக்கும் இதுவே ஆதாரம். மில்லிமீட்டர் உலகத்திலும் பிட்ச் அங்குலக் கணக்கிலேயே நிலைத்துவிட்டது. ஐ.எஸ்.ஓ. 606 தர நிர்ணயத்தில் ‘08பி’ என்றால், முதல் இரண்டு இலக்கங்கள் ஓர் அங்குலத்தின் 16 பாகங்களில் எத்தனை என்பதைச் சொல்கின்றன. 8 பாகம் என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ‘12பி’ முக்கால் அங்குலம், 19.05 மி.மீ. ‘16பி’ முழு அங்குலம்.

மோட்டார் சைக்கிள் செயினின் ‘428’ வேறு முறையில் அமைந்தது. முதல் இலக்கமான 4, அங்குலத்தின் எட்டில் நான்கு பாகம் பிட்ச் என்கிறது. அடுத்த இரண்டு இலக்கங்கள் உள்தகடுகளின் நடுவே உள்ள அகலத்தைக் குறிப்பவை.

‘பி’ என்பது ஐரோப்பிய வரிசை, ‘ஏ’ என்பது அமெரிக்க வரிசை. 08ஏ, 08பி இரண்டுக்கும் பிட்ச் ஒன்றே என்பதால் கடையில் மாற்றி வாங்கிவிடுவது எளிது. ஆனால் 08ஏ-வின் ரோலர் விட்டம் 7.92 மி.மீ.; 08பி-யின் ரோலர் 8.51 மி.மீ. ஒன்றுக்காக வெட்டிய பல்லில் மற்றது சரியாக உட்காராது. ரோலரின் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பல் எத்தனை?

செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பார்வைக்கு வட்டம். செயினுக்கு அது ஒரு பலகோணம். கண்ணி வளையாத நேர்த்தகடு என்பதால், 19 பல் உள்ள ஸ்ப்ராக்கெட்டின் மேல் செயின் 19 பக்கப் பலகோணமாகவே சுற்றிக்கொள்ளும். பலகோணத்தின் மூலை மேலே வரும்போது செயின் சற்று வேகமாகவும், பக்கத்தின் நடு மேலே வரும்போது சற்று மெதுவாகவும் இழுக்கப்படும். ஸ்ப்ராக்கெட் சீராகச் சுழன்றாலும் செயின் ஓடும் வேகம் சீராக இராது.

இந்த ஏற்ற இறக்கம் 11 பல்லில் சுமார் 4 சதவீதம். 17 பல்லில் அது 1.7 சதவீதமாகவும், 19 பல்லில் 1.4 சதவீதமாகவும், 25 பல்லில் 0.8 சதவீதமாகவும் குறைகிறது. அதற்கு மேல் பல்லைக் கூட்டினால் ஸ்ப்ராக்கெட் பெரிதாகும் அளவுக்குப் பலன் கூடாது. மிதமான வேகத்துக்கும் அதற்கு மேலும் சிறிய ஸ்ப்ராக்கெட்டுக்கு 17 பல்லுக்குக் குறையக் கூடாது என்பதும், 19 அல்லது 21 நல்லது என்பதும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்த வழக்கங்கள். அதற்கும் குறைந்த பல், மெதுவாக ஓடும் இயக்கங்களுக்கே பொருந்தும்.

பல் குறைந்தால் மூட்டுக்கும் கேடு. ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மூட்டும் 360 பாகையைப் பல் எண்ணிக்கையால் வகுத்த அளவுக்கு வளைகிறது. 19 பல்லில் 18.9 பாகை, 11 பல்லில் 32.7 பாகை. வளைவு கூடக்கூடப் பின் புஷ்ஷுக்குள் உராயும் தூரமும் கூடுகிறது.

பல் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவும் கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவும் இருப்பது நல்லது. செயினில் வெளிக்கண்ணியும் உள்கண்ணியும் மாறி மாறி வருவதால், மொத்தம் இரட்டைப்படையாக இருந்தால்தான் இரு முனைகளும் இயல்பாகச் சேரும். ஒற்றைப்படையானால் ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய வளைந்த கண்ணி ஒன்றைச் செருக வேண்டிவரும். மொத்தச் செயினிலும் அதுவே பலவீனமான இடம். 120 கண்ணிச் செயினை 20 பல்லில் ஓட்டினால் ஒரே ரோலர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பல்லிலேயே போய் உட்காரும். ஒரு பல்லில் உள்ள பழுது எப்போதும் அதே கண்ணிகளையே தாக்கும். 19 பல் என்றால், ஒரு ரோலர் பழைய பல்லுக்குத் திரும்புவதற்குள் செயின் 19 முறை சுற்றி வந்துவிடும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்காகிவிடும்.

பல்லின் வடிவம்

ரோலர் உட்காரும் பள்ளம் ரோலரைவிட இம்மியளவு பெரியதாக இருக்க வேண்டும். பள்ளத்தின் ஆரம் குறைந்தது ரோலர் விட்டத்தின் 0.505 மடங்கு என்பது விதி. 08பி-க்கு ரோலரின் ஆரம் 4.255 மி.மீ., பள்ளத்தின் ஆரம் 4.30 மி.மீ. இந்த 0.045 மி.மீ. இடம் இருந்தால்தான் ரோலர் இறுகாமல் அமர்ந்து இறுகாமல் விலகும். பல்லின் தடிமனும் உள்தகடுகளின் இடைவெளியைவிடக் குறைவு. 08பி-யில் இடைவெளி 7.75 மி.மீ.; ஒற்றை வரிசைச் செயினுக்குப் பல் ஏறக்குறைய 7.2 மி.மீ. பல்லின் நுனிப் பக்கங்களைச் சரித்துவிடுவது, சற்றே ஆடி வரும் செயினும் வழிதவறாமல் பல்லில் இறங்குவதற்காக.

சிறிய ஸ்ப்ராக்கெட்டின் ஒவ்வொரு பல்லும் பெரியதன் பல்லைவிட அதிக முறை செயினைச் சந்திக்கிறது. அதனால் அதன் பற்கள் கடினமாக்கப்படுகின்றன.

ஒரு கணக்கு

நிமிடத்துக்கு 1,440 சுற்றில் ஓடும் 3.7 கிலோவாட் மோட்டார், அதாவது 5 குதிரைத்திறன் மோட்டார், ஓர் இயந்திரத்தை 480 சுற்றில் ஓட்ட வேண்டும் என்று கொள்ளலாம். விகிதம் மூன்றுக்கு ஒன்று. சிறியதில் 19 பல், பெரியதில் 57 பல். செயின் 08பி.

ஸ்ப்ராக்கெட்டின் பிட்ச் விட்டம் காண, 180 பாகையைப் பல் எண்ணிக்கையால் வகுத்து, வரும் கோணத்தின் சைன் மதிப்பால் பிட்சை வகுக்க வேண்டும். சிறியதற்கு 77.2 மி.மீ., பெரியதற்கு 230.5 மி.மீ. கிடைக்கும். அச்சு இடைவெளி பிட்சைப்போல 30 முதல் 50 மடங்கு வரை இருப்பது வழக்கம். 40 மடங்கு எடுத்தால் 508 மி.மீ.

செயினின் நீளம் கண்ணிகளில்: இடைவெளியின் இரட்டிப்பு 80, இரு பல் எண்ணிக்கைகளின் சராசரி 38, விட்ட வேறுபாட்டுக்கான சிறு திருத்தம் 0.91. மொத்தம் 118.91. இதை இரட்டைப்படையாக 120 ஆக்கினால் அச்சு இடைவெளி ஏறக்குறைய 7 மி.மீ. கூடி 515 ஆகும். சிறிய ஸ்ப்ராக்கெட்டைச் செயின் சுமார் 163 பாகை தழுவும். 120 பாகைக்குக் குறையாதிருந்தால் போதும் என்பதால் இது தாராளம்.

செயினின் வேகம் நொடிக்கு 5.79 மீட்டர். சக்தியை வேகத்தால் வகுத்தால் இழுவிசை 639 நியூட்டன். 08பி ஒற்றை வரிசைச் செயினின் குறைந்தபட்ச முறிவு விசை 17,800 நியூட்டன், அதாவது இழுவிசையைப்போல 27 மடங்குக்கும் மேல். இவ்வளவு பலம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இந்தச் செயின் நிமிடத்துக்கு 228 முறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் இரண்டு முறை வளைந்து, இரண்டு முறை நிமிர்கிறது. எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு மூட்டு சுமார் 4.38 லட்சம் முறை அசைகிறது. முறிவு விசையை மட்டும் நம்பி மெல்லிய செயினைப் போட்டால், அது அறுவதற்கு வெகு முன்பே மூட்டு தேய்ந்துவிடும். அதிர்ச்சிச் சுமை உள்ள இயந்திரமானால், சக்தியை, சுமையின் கடுமைக்கேற்ற பெருக்கெண்ணான சேவைக் காரணியால் பெருக்கிய பிறகே தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பெரிய பிட்சை எடுப்பதும் தவறு. பிட்ச் கூடினால் ரோலர் பல்லில் மோதும் வேகமும் சத்தமும் கூடும். இந்தக் கணக்கிலேயே நொடிக்கு 456 ரோலர்கள் சிறிய ஸ்ப்ராக்கெட்டில் மோதுகின்றன. சுமையைத் தாங்கும் மிகச் சிறிய பிட்சைத் தேர்ந்தெடுப்பதும், போதாவிட்டால் இரட்டை வரிசை, மூன்று வரிசைச் செயினுக்குப் போவதும் சரியான முறை.

‘நீளும்’ செயின்

பழைய செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். நீளுவது தகடு அல்ல. தேய்ந்த மூட்டுகளின் இடைவெளிகள் ஒன்றுகூடி நீளமாகத் தெரிகின்றன. மேற்சொன்ன செயினில் மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் 120 மூட்டுகளில் 30 மி.மீ. சேர்ந்துவிடும். அது 2 சதவீதம்.

தேய்ந்த செயினுக்குப் பிட்ச் கூடிவிடுவதால் அது பல்லின் அடியில் அமராமல் மேலேறி ஓடும். 2 சதவீதத் தேய்மானத்தில் 19 பல்லில் முக்கால் மி.மீ. ஏறும், 57 பல்லில் 2.3 மி.மீ. ஏறும். பல்லின் உயரமோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பல் தாண்டுவது முதலில் பெரிய ஸ்ப்ராக்கெட்டில் நேர்வது இதனால்தான். 200-ஐப் பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் அனுமதிக்கத்தக்க தேய்மானச் சதவீதம் கிடைக்கும். 67 பல்லுக்கு அது 3 சதவீதம். பல் அதற்கும் குறைவாக இருந்தாலும் 3 சதவீதத்தைத் தாண்டவிடுவதில்லை.

அளப்பது எளிது. செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளக்க வேண்டும். 12.7 மி.மீ. பிட்சில் புதியது 254 மி.மீ. காட்டும், 259 காட்டினால் 2 சதவீதம் போய்விட்டது.

எண்ணெயும் பொருத்தமும்

எண்ணெய் சேர வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே. ரோலரின்மேல் பூசும் கெட்டியான கிரீஸ் அங்கே போய்ச் சேராது. தளர்ந்து வரும் பக்கத்தின் உள்புறத்தில், உள்தகடும் வெளித்தகடும் சந்திக்கும் விளிம்பில் எண்ணெய் விட வேண்டும். அங்கே இழுவிசை இல்லாததால் இடுக்கு திறந்திருக்கும். செயின் சக்கரத்தைச் சுற்றும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளிப்புறமாகப் பரவும். மெதுவான இயக்கத்துக்குத் தூரிகையோ சொட்டு எண்ணெயோ போதும். வேகம் கூடினால் எண்ணெய்த் தொட்டி, அதற்கும் மேல் பம்ப் மூலம் பாய்ச்சல். மூட்டைக் கழற்றிப் பார்க்கையில் பின் செம்பழுப்பாக இருந்தால் எண்ணெய் உள்ளே போகவில்லை என்று பொருள்.

படுக்கை வாட்டத்தில் ஓடும் செயினில் இழுக்கும் பக்கம் மேலேயும் தளர்ந்த பக்கம் கீழேயும் இருக்க வேண்டும். தொய்வு சுமார் 2 சதவீதம். மேற்படி இயக்கத்தில் 10 மி.மீ. செயினை வில் நாணாக முறுக்கினால் மூட்டுக்கும் பேரிங்குக்கும் வீண் சுமை. இரு ஸ்ப்ராக்கெட்டுகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்தகட்டின் உட்பக்கம் தேய்ந்து மினுமினுத்தால் தளம் தவறியிருக்கிறது. செயின் லாக்கின் கிளிப்பைப் போடும்போது மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது இடறிக் கழன்றுவிடும்.

தேய்ந்த செயினோடு நெடுநாள் ஓடிய ஸ்ப்ராக்கெட்டில் பற்கள் ஒருபக்கம் கொக்கிபோல் வளைந்திருக்கும். அதன்மேல் புதுச் செயினைப் போட்டால் ரோலர் பள்ளத்தில் அமராது, விலகும்போதும் கொக்கியில் சிக்கும். புதியதும் விரைவில் பழையதாகிவிடும். பற்கள் கொக்கியாகிவிட்டால் செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். உரிய காலத்தில் அளந்து, தேய்ந்த செயினை முன்னதாகவே கழற்றினால் ஸ்ப்ராக்கெட்டுகள் இன்னொரு செயினுக்கும் உழைக்கும்.

(அடுத்த வாரம்: பல்லோடு பல் சேரும் கியர்கள்)